பாண்டியின் கோட்டுக்கு மூன்று முறை அளவெடுத்தார்கள், அம்மா

என்னைப் பெத்த மகராசிக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினாலும் உனக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். நீ இருந்தபோது ரேஷன் கடை போர்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் நான்தானே உனக்குப் படித்துக் காட்டுவேன்? இதையும் எழுதி முடித்துவிட்டு நானே வாய்விட்டுப் படிக்கப் போகிறேன். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். நம் வீட்டில் மறைத்து மறைத்துப் பட்டது போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருப்பது உன் மகன் பாண்டி. பதறாதே. இல்லை, பதறு. நான் மட்டும் எத்தனை நாளைக்குத் தனியாகப் பதறுவேன்?

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் இப்போது திருமங்கலம் ஹைவே ஓரத்தில் ஒரு பெரிய குடோனுக்கு சூப்பர்வைசர். இருபது பேர் அவனை 'சார்' என்கிறார்கள். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்தோம். பொண்ணு நாகமலை புதுக்கோட்டை. பவித்ரா என்று பேர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. 'மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எங்க வீட்டுச் சீரு. ரெடிமேடெல்லாம் ஆகாது, அளவெடுத்துத்தான் தைக்கணும்' என்று நிச்சயத்தன்றே சபையில் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் சித்தப்பா அழுதுவிட்டார். 'நம்ம வகையறாவுல கோட்டுப் போட்டு மேடையில நிக்கப்போற மொத ஆளு நம்ம பாண்டிதான்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அழுததில் நியாயம் இருக்கிறது. உன் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடந்தார் என்பதற்காக அடி வாங்கியவர். அவர் பேரன் கோட்டுப் போடப்போகிறான் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கும் வந்தது.

காஜிமார் தெருவில் காதர் பாய் கடைக்குத்தான் சம்பந்தி கூட்டிப்போனார். பாய்க்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். ஆளும் கலகலப்பு, கையும் சுத்தம். பாண்டி பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீக மாப்ள. சோறு தின்ன வயித்தோட இயல்பா நில்லுங்க," என்றார் பாய். "நீங்க மூச்ச விட்டதும் பட்டன் தெறிச்சா மாமா என்னையத்தான் கேப்பாரு."

மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்துநாலு. கழுத்து பதினைந்தரை. சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒரு சீட்டில் எழுதி, துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அதோடு சேர்த்துப் பின் அடித்தார். பாண்டி வேலை நேரத்தில் போன் எடுக்கமாட்டான் என்பதால் என் நம்பரைக் கொடுத்தேன். வெளியே வந்ததும் பாண்டி என் காதில், "அக்கா, என் ஒடம்புல டேப்பு படுறது இதுதான் மொத தடவ, தெரியுமா?" என்றான்.

உண்மைதானே அம்மா? நம் வீட்டில் யார் டேப்புக்கு நின்றோம்? அவன் பள்ளிக்கூட டவுசரைத் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் 'வளர்ற பிள்ள, பெருசாவே தைங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாய். உனக்கு என்றால் அளவு ஜாக்கெட். அதே பச்சை ஜாக்கெட்டைப் பதினைந்து வருஷம் டெய்லர் அக்காவிடம் கொடுத்து, அதைப் பார்த்தே தைத்து வாங்கினாய். ஊரில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள், உன்னை மட்டும் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கெட்டுக்கு உடம்பு இளைப்பது எப்படித் தெரியும்? நீ பாதியாகிக் கொண்டிருந்தாய், அந்த அக்கா பழைய அளவிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ விலாவில் ஊக்குக் குத்தி இறுக்கிக்கொண்டாய்.

நீ போன பிறகு உன் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஜாக்கெட்டில் இந்தப் பக்கம் நாலு ஊக்கு, அந்தப் பக்கம் நாலு ஊக்கு. துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிப் போயிருந்தன. அந்த ஊக்குகளை நான் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். பார்த்து, 'என்னம்மா, கொமரி மாதிரி ஒடம்ப வச்சிருக்க' என்று கேலி பேசினேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மூன்று வாரம் கழித்து ட்ரயலுக்குப் போனோம். கோட்டு வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாகத் தைத்து ஒரு கை மட்டும் வைத்திருந்தது. போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று நின்றது. பாய் தன் கையையே சந்தேகப்பட்டார். மறுபடி டேப்பை எடுத்தார். மார்பு முப்பத்தாறரை, இடுப்பு முப்பத்திரண்டரை. முன்பு எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, டயட்டா?"

பாண்டி சிரித்தான். சம்பந்தி சிரித்தார். நான் சும்மா இருந்தேனா? "பொண்ணப் பாத்ததுலருந்து சோறு எறங்க மாட்டேங்குது பாய்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். ஒருதரம் சூடு கண்டவள், மறுபடியும் அதே மாதிரி சிரித்தேன். என்ன ஜென்மமோ நான். பாய் மட்டும் சிரிக்காமல் இன்னொரு சீட்டு எழுதி, முதல் சீட்டோடு சேர்த்துக் குத்தினார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தல்லாகுளத்தில் கோர்ட்டுக்கு எதிரே என் டைப்பிங் கடையில் ஒரு மனுவை அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம். போன் வந்தது.

"தங்கச்சி, காதர் பேசுறேன். கையில வேலையா இருக்கீகளா?"

"சொல்லுங்க பாய். கோட்டு ரெடியா?"

'மிஷின நிறுத்துப்பா' என்று கடையில் யாரிடமோ அவர் சொல்வது கேட்டது. பிறகு சொன்னார். "எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. அளவெடுக்குற எடத்துல பாத்தத வெளிய பேசக் கூடாது. யாருக்குத் தொப்பை, யாருக்குக் கூனு, எல்லாம் கடையோட இருக்கணும். இருபத்தஞ்சு வருசமா நான் பேசுனதில்ல. இன்னைக்குப் பேசுறேன், அல்லா மன்னிக்கட்டும்."

நான் போனோடு எழுந்து கடை வாசலுக்கு வந்துவிட்டேன் அம்மா.

"நேத்து மாப்ள தனியா வந்தாரு. கடைசி ட்ரயல். மார்பு ஒரு இஞ்ச் கூடியிருந்துச்சு. சரி, தேறிட்டாருன்னு நெனச்சேன். காலரப் பாத்தா கழுத்துல ஒன்றரை இஞ்ச் எறங்கிருக்கு. மார்பு கூடி கழுத்து எறங்குமா? கோட்டுக்குள்ள கைய விட்டு முதுகத் தடவிப் பாத்தேன். சட்டைக்குள்ள மூணு பனியன் போட்டிருக்காரு தங்கச்சி. இந்த வெயில்ல, மூணு பனியன். கழட்டச் சொல்லி அளந்தேன். இடுப்பு முப்பது."

"அவன் என்ன சொன்னான் பாய்?"

"என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. 'மாமாகிட்டச் சொல்லிராதீக பாய்'னாரு. மாமாகிட்டச் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லலையே. அதான் கூப்பிட்டேன்."

மனுவைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருமங்கலம் போய்ச் சேருகிற வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். பிள்ளைக்கு எதை எதையோ கற்றுக்கொடுத்திருக்கலாம், இதையா கற்றுக்கொடுக்க வேண்டும்?

ஊரில் நம் வீட்டில் அவன் லீவு போட்டுவிட்டுத் தனியாக இருந்தான். "சட்டையக் கழட்டுடா" என்றேன். "என்னக்கா, வந்ததும் வராததுமா" என்று சிரிக்கப் பார்த்தான். நான் கையை ஓங்கினேன். கழற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பனியனை நானே பிடித்து உருவினேன். விலா எலும்பை எண்ணலாம். நம் பாண்டி, மூட்டை தூக்கி வளர்ந்த பிள்ளை.

"எத்தன நாளாடா?"

"நாலஞ்சு மாசமாக்கா. தின்னா நிக்க மாட்டேங்குது. ரெண்டு வாய்க்கு மேல எறங்காது."

"ஏன்டா சொல்லல?"

"எனக்குத் தெரியும்க்கா. அம்மாவுக்கு வந்ததுதான். இப்படித்தான அதுக்கும் ஆரம்பிச்சுச்சு?" என்றான். பிறகு மெதுவாக, "கல்யாணம் முடியட்டும்க்கா. ஒரு நாளு அந்தக் கோட்டப் போட்டு நின்னுர்றேன். அப்பறம் எங்க கூப்பிட்டாலும் வாரேன்" என்றான்.

'முடியட்டும்.' இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீயும் இதைத்தானே சொன்னாய்? என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அதற்கு முந்தின வாரம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'வயித்துல என்னமோ கல்லு மாதிரி இருக்குடி. பேத்தி காதுகுத்து முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்' என்றாய். நான் 'சரிம்மா' என்றேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பந்தல்காரனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. காதுகுத்து முடிந்தது, ஆடி வந்தது, அப்புறம் அறுப்பு வந்தது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்டார், 'எவ்வளவு நாள்ல எவ்வளவு எளைச்சாங்க?' நான், 'தெரியல சார்' என்றேன். உன் ஒரே மகள், பக்கத்திலேயே இருந்தவள், எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்தத் தடவை நான் 'சரி' சொல்லவில்லை.

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். "ஏத்தா செல்வி, கல்யாண மாப்ளைன்னா எளைக்கத்தான் செய்வான். பத்து நாளு. தாலியக் கட்டட்டும், மறுநாளே நான் கூட்டிட்டுப் போறேன்."

"தாலியக் கட்டுனப்பறம் தெரிஞ்சா அந்தப் பிள்ள என்ன சித்தப்பா பண்ணும்?"

"அம்புட்டுப் பேருக்கும் பத்திரிக வச்சாச்சு. மேலத்தெருவுல எல்லாம் வச்சிருக்கேன். நின்னுபோச்சுன்னா எம் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?"

"எங்கம்மாவ எரிச்சமே, அங்க வைங்க" என்று சொல்லிவிட்டேன். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா அது? தெரிகிறது. அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனார். இன்றுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

சம்பந்திக்கு நானே போன் போட்டேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இதத் தெரிஞ்சேதான் பொண்ணு கேட்டு வந்தீகளா?" என்றார். இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? கல்யாணம் நின்றது. மண்டபத்துக்கு, சமையல்காரருக்கு, மேளத்துக்கு என்று ஒவ்வொருவருக்காக நான்தான் போன் போட்டுச் சொன்னேன். ஒவ்வொருவரும் 'ஏன்' என்று கேட்டார்கள்.

பாண்டி என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான். "எங் கல்யாணத்த நிறுத்திட்ட. இப்ப நிம்மதியாக்கா?" அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்தான். நான் முன்னால் நடக்க, பத்தடி தள்ளிப் பின்னால் வந்தான்.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நான் காதர் பாயிடம் வாங்கி வைத்திருந்த மூன்று சீட்டையும் மேஜை மேல் வைத்தேன். துணித் துண்டோடு சேர்த்துப் பின் அடித்த சீட்டு. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னதும், சீட்டுகளை வரிசையாக அடுக்கி இரண்டு தடவை படித்தார். உடனே கட்டில் கொடுத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வயிற்றில் ஏதோ இருக்கிறதாம். சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ரிசல்ட். "நாங்க சீக்கிரம் வந்துட்டமா சார், லேட்டா?" என்று கேட்டேன். "ரிசல்ட் வந்தாத்தான்மா சொல்ல முடியும்" என்றார். எல்லா டாக்டரும் இப்படித்தான் பேசுவார்களா? ஒரு மனுஷன் மனசறிந்து ஒரு பொய் சொன்னால்தான் என்ன?

பவித்ரா ஒருநாள் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அப்படியே வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். போகும்போது என்னிடம், "நான் வந்தது அப்பாவுக்குத் தெரியாது அண்ணி" என்றாள். அண்ணி என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினேன். அதற்கப்புறம் அவள் வரவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பாயும் வந்தார். கோட்டை என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். "பிரிக்கவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன் தங்கச்சி. மாப்ள எந்திரிச்சு வந்து கடையில நிக்கட்டும். அன்னைக்கு ஒடம்பு எம்புட்டு இருக்கோ அம்புட்டுக்குத் தைக்கிறேன். அல்லாகிட்ட துஆ செய்றேன்" என்றார். வாங்கி வந்த சாத்துக்குடியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் எதற்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு நாளாக என்னிடம் பேசாதவன் நேற்று மத்தியானம் தூங்கி எழுந்ததும் "அக்கா" என்றான். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா வந்துச்சுக்கா."

"என்னடா சொல்லுச்சு?"

"கருவாட்டுக் கொழம்பு. வட்டில் நெறைய சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு, 'வாடா, ஆறிப்போகுது, வாடா'ன்னு கூப்பிட்டுச்சு. எத்தனையோ மாசத்துக்கு அப்பறம் எனக்குப் பசிச்சுச்சுக்கா. நெசமாவே பசிச்சுச்சு."

"தின்னியாடா?"

"கையக் கழுவப் போனேன். அதுக்குள்ள நர்சம்மா ஊசி போட எழுப்பிட்டாங்க."

சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது அம்மா. அத்தனை நாளாக நான் பார்க்கத் தவித்த சிரிப்பு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பயமா இருக்குக்கா" என்றான். அவன் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

செத்தவர்கள் கனவில் சோறு போட்டால் தின்னக்கூடாது, கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்களுக்குச் சொன்னதே நீதான். அப்படியிருக்க, எதற்கு அம்மா சோறு போட்டாய்? பிள்ளை பசியோடு கிடக்கிறானே என்று மனசு கேட்கவில்லையா? உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அவனைக் கூப்பிடாதே. உன் காலைப் பிடிக்கிறேன், கூப்பிடாதே. நீ பத்து மாசம் சுமந்தாய், ஒப்புக்கொள்கிறேன். அப்பா போன பிறகு நீ களையெடுக்கப் போன நாளெல்லாம் அவனை இடுப்பில் வைத்துச் சுமந்தவள் நான். எனக்கும் அவன்மேல் பாதி உரிமை உண்டு. அந்தப் பாதியை நான் விட்டுத்தர மாட்டேன்.

திங்கட்கிழமை என்ன சொன்னாலும் சரி, நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவனுக்கு நான் சோறு போடுகிறேன். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறேன். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுகிறேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்றாலும் கூட்டிக்கொண்டு அலைகிறேன். அவன் என்னைத் திட்டட்டும், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும். 'முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இனிமேல் யார் சொன்னாலும், என் வாயிலிருந்து 'சரி' வராது.

நீ எனக்கு ஒன்றே ஒன்று செய். அவன் மறுபடியும் உன்னிடம் வருவான். பசியோடு, சிரித்துக்கொண்டே வருவான். வட்டிலைக் கவிழ்த்துவிடு. கதவைச் சாத்து. அப்படியும் நின்றால், கம்பை எடுத்து அடித்து விரட்டு. நீ ஒருநாளும் அவனை அடித்ததில்லை. இந்த ஒரு தடவை அடி, அம்மா.

உன் வயிற்றில் முதலில் பிறந்தவள்,
பாண்டியின் அக்கா,
செல்வி